பந்தும் ஊசிமெத்தையும்: ஆங்கிலச் சிறுவர் நூல் வணிகத்தில் ஆண், பெண் பாகுபாடு

கடந்த ஆண்டு, என் தமக்கையின் மகளது ஏழாவது பிறந்தநாளுக்கென நூலொன்று வாங்கும்பொருட்டு நகரிலுள்ள புத்தகசாலை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். சிறுவர்க்கான ஆங்கில நூல்கள் எப்பகுதியில் உள்ளன என்று வினவினேன். அங்கிருந்த பெரியவர், பிள்ளைக்கு எத்தனை வயது என்றோ, என்ன வாசிக்கும் என்றோ கேட்கவில்லை. "ஆருக்குப் பிள்ளை? பெடியனுக்கோ, பெட்டைக்கோ?" என்பதே அவர் வாயிலிருந்து வந்த முதற் கேள்வி. நான் கூறும் விடைக்கேற்ப இடப்புறமோ வலப்புறமோ கைகாட்டுவதற்கு அவர் ஆயத்தமாக நின்றார். ஒருபுறத்துத் தட்டுகள் பெரும்பாலும் நீல நிறமாகவும், மறுபுறத்துத் தட்டுகள் பெரும்பாலும் ரோசா நிறமாகவும் காட்சியளித்தன.

அப்பெரியவரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அக்கேள்வி அவராக உண்டாக்கியதுமன்று. அது அந்நூல்களோடு கப்பலேறி வந்தது. அது எங்கே, எவ்வாறு, எத்தகைய சமூக பொருளாதாரப் பின்னணியிலே தோன்றிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆங்கில நூல் வணிகத்தையே எடுத்துக்கொண்டமைக்குக் காரணமும் உண்டு. சிறுவர் நூல் என்பது தனியொரு விற்பனைப் பண்டமாக உருப்பெற்ற வரலாற்றை இங்கிலாந்திலே தெளிவாகக் காணமுடிகிறது. எமது நகரங்களில் இன்று விற்கப்படும் ஆங்கிலச் சிறுவர் நூல்களிற் பெரும்பகுதியும் அந்த வணிக மரபின் வழிவந்தவையே.

இவ்விடயம் பற்றிப் பொதுவாக இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் இயல்பாகவே வெவ்வேறு நூல்களை விரும்புகின்றனர், பதிப்பாளர் அவ்விருப்பத்தைப் பின்பற்றுகின்றனர் என்பது ஒன்று. நூல்களின் உள்ளடக்கமே தொடக்கந்தொட்டு இருபாலாரையும் இரு வழிகளிற் செலுத்திவந்துள்ளது என்பது மற்றொன்று. வரலாற்றுச் சான்றுகளை நோக்குமிடத்து இவ்விரண்டுமே முழுமையான விளக்கங்களல்ல என்பது புலனாகின்றது. பாகுபாடு முதலில் நூலுக்கு வெளியேதான் இருந்தது. விற்பனை மேசையிலே தோன்றிப் பின்னரே அது அட்டைக்குள்ளும், அதற்கும் பின்னர் கதைக்குள்ளும் புகுந்தது. அது புகுந்த ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளைகள், சிறப்பாகப் பெண் பிள்ளைகள், அதனைப் பொருட்படுத்தாது மறுபுறத்து நூல்களையும் எடுத்து வாசித்தே வந்துள்ளனர்.

முதற் சான்று 1744ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பேர்க்‌ஷயரில் விவசாயி ஒருவரின் மகனாக 1713இல் பிறந்த ஜோன் நியூபெரி என்பவர், இலண்டனுக்குக் குடிபெயர்ந்து நூல் வணிகத்தில் ஈடுபட்டார். நூல்களோடு மருந்துகளும் விற்றவர் அவர். 1744இல் அவர் வெளியிட்ட 'சின்னஞ்சிறு அழகிய சட்டைப்பை நூல்' என்னும் பொருள்படும் தலைப்பையுடைய சிறு நூலே, பிள்ளைகளை மகிழ்விக்கும் நோக்கத்தைப் போதனைக்குச் சமமாக வைத்த முதல் விற்பனை நூல்களுள் ஒன்றாகப் பலராலும் கொள்ளப்படுவது. அதன் முதற்பதிப்பில் ஒரு பிரதியேனும் இன்று எஞ்சவில்லை. பிள்ளைகள் கையிலே தேய்ந்தும் கிழிந்தும் போயின போலும். எமக்குக் கிடைப்பவை 1760ஆம் ஆண்டு முதலான பிற்பதிப்புகளே.

அந்நூலின் விலை ஆறு பென்ஸ். ஆனால் மேலும் இரண்டு பென்ஸ் கொடுத்தால் நூலோடு ஒரு விளையாட்டுப் பொருளும் கிடைக்கும். ஆண் பிள்ளைக்காயின் ஒரு பந்து. பெண் பிள்ளைக்காயின் குண்டூசிகளைக் குத்திவைக்கும் சிறிய ஊசிமெத்தை. நூலின் நீண்ட தலைப்பிலேயே டொம்மி என்னும் சிறுவனும் பொலி என்னும் சிறுமியும் பெயர் சுட்டி அழைக்கப்படுகின்றனர். பந்து அவனை நல்ல பையனாக்கும், ஊசிமெத்தை அவளை நல்ல பெண்ணாக்கும் என்ற உறுதியும் அங்கேயே வழங்கப்பட்டுவிடுகிறது. இன்றைய கடைத்தட்டின் இடப்புறமும் வலப்புறமும் அந்த இரண்டு பென்சிலேயே பிறந்துவிட்டன எனலாம்.

எனினும் அப்பொருள்கள் எவ்வாறு பயன்பட்டன என்பது சற்று நின்று நோக்கற்பாலது. பந்தின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. ஊசிமெத்தையும் அவ்வாறே. பிள்ளை நற்செயல் ஒன்று புரிந்தால் சிவப்புப் பக்கத்தில் ஒரு குண்டூசி குத்தப்படும். தீச்செயல் புரிந்தாற் கறுப்புப் பக்கத்தில். பத்து ஊசிகளும் சிவப்பிற் சேர்ந்தால் ஒரு பென்னி பரிசு. கறுப்பிற் சேர்ந்தாற் பிரம்பு. நூலில் அரக்கரைக் கொன்ற ஜக் என்னும் கதைமாந்தன் எழுதியனவாக இரு கடிதங்கள் உள்ளன, ஒன்று டொம்மிக்கு, மற்றது பொலிக்கு. இரண்டும் விதிப்பது இதே ஒழுங்கைத்தான். ஆகவே பையனுக்குக் கொடுக்கப்பட்ட பந்தும் உண்மையில் ஓர் ஊசிமெத்தையே! ஊசி குத்திக் கட்டித் தொங்கவிடப்பட்ட பந்தை வைத்து எவனும் விளையாடியிருக்க முடியாது. உள்ளடக்கம் ஒன்று, நீதி ஒன்று, பரிசும் தண்டனையும் ஒன்று, விலையும் ஒன்று. வேறுபட்டது பொருளின் வடிவம் மாத்திரமே.

அவ்வாறாயின் இரு வடிவங்கள் ஏன் வேண்டப்பட்டன? அக்கால இங்கிலாந்தில் வணிகத்தாலும் தொழிலாலும் முன்னேறிக்கொண்டிருந்த மத்திய தர வர்க்கத்தினர், பிள்ளையின் கல்வியைக் குடும்ப முன்னேற்றத்துக்கான முதலீடாகக் கருதத் தொடங்கியிருந்தனர். விளையாட்டின் வழியே கற்பிக்கலாம் என்று ஜோன் லொக் 1693இல் வெளியிட்ட கல்வி பற்றிய நூலிற் கூறிய கருத்து அவர்களிடையே பரவியிருந்தது. நியூபெரியும் தமது நூலின் முன்னுரையில் லொக்கின் பெயரைக் கூறி ஆதரவு தேடுகின்றார். ஆனால் நூலை வாசிக்கப்போகிறவர் வேறு, வாங்குகிறவர் வேறு. ஆறு பென்ஸ் வைத்திருப்பவர் தந்தை, தாய், அல்லது மாமன். தம் மகன் வெளியே ஓடியாடும் கனவானாகவும் தம் மகள் தையல் வேலையில் தேர்ந்த இல்லத்தரசியாகவும் வரவேண்டும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பைக் கண்ணால் கண்டு கையால் தொடக்கூடிய பொருளாக ஆக்கிக்கொடுத்ததே நியூபெரியின் வணிகத் திறமை. பந்தும் ஊசிமெத்தையும் பேசியது பிள்ளையோடன்று, பணப்பையோடு.

நியூபெரி பாகுபாட்டில் ஆழ்ந்த நம்பிக்கை கொண்டிருந்தவர் என்றும் கூறுவதற்கில்லை. 1765இல் அவர் வெளியிட்ட 'குடி டூ ஷூஸ்' என்னும் புகழ்பெற்ற கதையின் தலைமைப் பாத்திரம் அநாதையான ஒரு சிறுமியாவாள். தானே முயன்று எழுத்தறிந்து, ஊர்ப்பிள்ளைகளுக்குக் கற்பித்து, ஈற்றிற் பள்ளி நடத்தும் ஆசிரியையாகின்றாள். இக்கதை இருபாலாருக்குமென்றே விற்கப்பட்டது, இருபாலாரும் வாசித்தனர். (அதே கதையிற் சிறுமியின் தந்தை, நியூபெரி தமது கடையில் விற்றுவந்த காய்ச்சற் பொடி கிடைக்காத இடத்திலே இறந்துபோவதாக எழுதப்பட்டுள்ளது. விளம்பரத்துக்கு அவர் எதையும் விட்டுவைக்கவில்லை!) பெண் ஒருத்தி தலைமை தாங்கும் கதையை ஆண் பிள்ளைகள் வாசிக்கமாட்டார்கள் என்னும் பிற்கால வாதம், சிறுவர் நூல் வணிகத்தின் தந்தையெனப் போற்றப்படுபவருக்கே தெரிந்திருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பாகுபாடு நூலுக்குள் உறுதியாக இடம்பிடித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே. 1861இற் காகிதத்தின் மீதான வரி நீக்கப்பட்டது. 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தொடக்கக் கல்வியை நாடெங்கும் விரிவுபடுத்தியது. 1880இல் அது கட்டாயமுமாயிற்று. வாசிக்கத் தெரிந்த, கையில் ஒரு பென்னி வைத்திருந்த பெருந்தொகையான பிள்ளைகள் சந்தைக்கு வந்தனர். அவர்களை முதலிற் கவர்ந்தவை கொலையும் கொள்ளையும் நிறைந்த மலிவு விலைக் கதைத்தாள்கள். இவற்றைக் கண்டு அஞ்சிய சமயப் பிரசுரச் சங்கம், 1879 ஜனவரியில் 'போய்ஸ் ஓன் பேப்பர்' என்னும் ஆண் பிள்ளைகளுக்கான வார இதழையும், அதன் வெற்றியைக் கண்டு 1880 ஜனவரியில் 'கேர்ள்ஸ் ஓன் பேப்பர்' என்னும் பெண் பிள்ளைகளுக்கான வார இதழையும் தொடங்கிற்று. இரண்டின் விலையும் ஒரு பென்னியே.

இங்கே நியூபெரியின் காலத்திலிருந்து ஏற்பட்ட மாற்றத்தைக் கவனித்தல் வேண்டும். 1744இல் ஒரே நூலோடு இரு பொருள்கள் விற்கப்பட்டன. 1880இல் ஒரே நிறுவனம் இரு வேறு நூலுலகங்களையே விற்கத் தொடங்கிவிட்டது. ஆண் பிள்ளைகளின் இதழ் உதைபந்தாட்டக் கதையொன்றுடன் தொடங்கி, பள்ளிக்கூடக் கதைகள், கடற்பயணங்கள், பேரரசின் எல்லைகளில் நிகழ்ந்த போர்கள், ஜூல்ஸ் வேர்ணின் தொடர்கதைகள் என விரிந்தது. பெண் பிள்ளைகளின் இதழிலே தையல், சமையல், இசை, இல்லறம் ஆகியவை பெருமிடம் பெற்றன. ஒன்று வீட்டைவிட்டுப் புறப்படுவதற்கும் மற்றது வீட்டைப் பேணுவதற்கும் வழிகாட்டின.

ஆயினும் 'கேர்ள்ஸ் ஓன் பேப்பரை'ப் பிற்போக்கு இதழென்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் நியாயமாகாது. பெண்களுக்குக் கிடைக்கக்கூடிய தொழில்கள், உயர்கல்வி வாய்ப்புகள் ஆகியவை பற்றிய கட்டுரைகளும் அதில் இடம்பெற்றன. வாசகியரின் வினாக்களுக்கு விடையளிக்கும் பகுதியும், கட்டுரைப் போட்டிகளும் அதில் இருந்தன. பெண் எழுத்தாளர் பலர் அதன்மூலம் ஊதியம் பெற்றனர். தனிச் சந்தை ஒன்று உருவானபோது, அதில் எழுதுவதற்கும் பேசுவதற்கும் பெண்களுக்கு ஓரிடம் கிடைத்தது என்பதை மறுக்கவியலாது. வேலியிடப்பட்ட வளவாயினும் அது அவர்களது வளவாக இருந்தது. இன்றைய விமரிசகர் சிலர் இவ்வுண்மையைக் கவனியாது விடுகின்றனர் என்பது என் கருத்து.

வேலியைத் தாண்டியவர்களும் இருந்தனர். 1880களில் ஏறத்தாழ இரண்டாயிரம் பள்ளிப் பிள்ளைகளிடம் அவர்கள் விரும்பி வாசிப்பவை எவையெனக் கேட்டுத் திரட்டப்பட்ட விடைகளை ஆதாரமாகக் கொண்டு, எட்வேட் சாமன் என்பார் 1886இற் பெண் பிள்ளைகளின் வாசிப்புப் பற்றிக் கட்டுரையொன்றும், 1888இற் சிறுவர் இலக்கியம் பற்றி நூலொன்றும் வெளியிட்டார். பெண் பிள்ளைகள் தமக்கு விருப்பமான எழுத்தாளராக முன்னணியிற் குறிப்பிட்டவர்கள் டிக்கன்சும் ஸ்கொட்டும். விருப்பமான இதழ்களுள் முதலிடம் 'கேர்ள்ஸ் ஓன் பேப்பரு'க்குக் கிடைத்தது. இரண்டாமிடம் பெற்றதோ 'போய்ஸ் ஓன் பேப்பர்'! சாமன் முற்போக்காளர் அல்லர். ஆண் பிள்ளைகளுக்கான இலக்கியம் ஆண்களையும் பெண் பிள்ளைகளுக்கான இலக்கியம் பெண்களையும் உருவாக்கவேண்டும் என்பதே அவர் கொள்கை. அத்தகையவரே, பெண் பிள்ளைகளுக்கென எழுதப்படுபவை பல சுவையற்றிருப்பதால் அவர்கள் தம் சகோதரரின் நூல்களை நாடுகின்றனர் என்பதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பதிப்பாளர் பிள்ளைகளின் இயல்பான விருப்பத்தையே பின்பற்றினர் என்னும் வாதத்துக்கு எதிராக, அப்பாகுபாட்டை ஆதரித்தவரின் கையாலேயே எழுதப்பட்ட சான்று இது.

எழுத்தாளரின் நிலையும் ஈண்டு நோக்கத்தக்கது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்துப் பதிப்பாளரான தோமஸ் நைல்ஸ், 1867இல் லூயிசா மே அல்கொட்டிடம் 'பெண் பிள்ளைகளுக்கான நூல்' ஒன்று எழுதித் தருமாறு கேட்டார். அல்கொட்டுக்கு அதில் ஆர்வமில்லை. தம் சகோதரிகளைத் தவிரத் தாம் அதிகம் சிறுமிகளை அறிந்ததுமில்லை, விரும்பியதுமில்லை எனத் தம் நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். குடும்பத்தின் வறுமை அவரை எழுதவைத்தது. 1868இல் வெளிவந்த 'லிட்டில் விமன்' பெரும் வெற்றி பெற்றது. அதிலே வாசகரின் நெஞ்சில் நின்றவள், பெண்ணுக்கென விதிக்கப்பட்டவற்றை வெறுத்து, தான் ஆணாகப் பிறக்கவில்லையே என ஏங்கும் ஜோ. பெண் பிள்ளை நூல் என்னும் முத்திரையைப் பதிப்பாளர் குத்தினார். அம்முத்திரையோடு முரண்படும் பாத்திரத்தையே வாசகியர் கொண்டாடினர். அதன் இரண்டாம் பாகத்துக்கு 'நல்ல மனைவியர்' என்று பொருள்படும் தலைப்பு இங்கிலாந்திலே சூட்டப்பட்டது. அது அல்கொட் தெரிந்தெடுத்த பெயரன்று.

ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' மறுபுறத்து உதாரணம். ஆண் பிள்ளைகளுக்கான கதையாகவே அதைத் தாம் திட்டமிட்டதாகவும், பெண்களைக் கதையிலிருந்து விலக்கியதாகவும் அவரே பின்னர் எழுதினார். ஆனால் 1881, 1882ஆம் ஆண்டுகளில் அது தொடராக வெளிவந்த 'யங் ஃபோக்ஸ்' என்னும் இதழ் ஆண், பெண் இருபாலாருக்குமென விற்கப்பட்டதாகும்.

இக்காலத்தில் முத்திரை குத்துவதற்குத் துணைபுரிந்த இன்னொரு வணிக வழக்கம் பரிசுநூல் முறையாகும். ஞாயிறு பாடசாலைகளும் ஏனைய பள்ளிகளும் வரவுக்கும் நன்னடத்தைக்கும் நூல்களைப் பரிசளித்தன. இந்நூல்கள் மொத்தமாக வாங்கப்பட்டன. வாங்குபவருக்கு ஒவ்வொரு பிள்ளையின் சுவையும் தெரியாது. தெரிந்ததெல்லாம் பரிசு பெறுவோரில் எத்தனை பேர் ஆண், எத்தனை பேர் பெண் என்பதே. ஆகவே பதிப்பாளரின் விலைப்பட்டியல்கள் அவ்வாறே பிரிக்கப்பட்டன. ஜீ. ஏ. ஹென்ரியின் போர்க்கதைகள் ஒரு பட்டியலில், எல். ரீ. மீட்டின் பள்ளிக்கதைகள் மற்றொரு பட்டியலில். பிள்ளையை அறியாத ஒருவர் பிள்ளைக்கு நூல் வாங்கும்போதுதான் இம்முத்திரை அதிகம் தேவைப்படுகின்றது. என் தமக்கையின் மகளைக் கண்டிராத அக்கடைப் பெரியவரின் நிலையும் இதுதானே?

இருபதாம் நூற்றாண்டில் இம்முறை தொழிற்சாலை முறையாயிற்று. அமெரிக்காவில் எட்வேட் ஸ்ற்றற்றமயர் நிறுவிய கதை உற்பத்தி நிறுவனம், கதைச் சுருக்கத்தைத் தானே வகுத்து, கூலிக்கு எழுதுவோரைக்கொண்டு நிரப்பி, கற்பனைப் பெயர்களில் வெளியிட்டது. 1927இல் ஆண் பிள்ளைகளுக்கென 'ஹார்டி போய்ஸ்', 1930இற் பெண் பிள்ளைகளுக்கென 'நான்சி ட்ரூ'. இரண்டும் துப்பறியும் கதைகளே. நியூபெரியின் பந்தையும் ஊசிமெத்தையையும் போல, உள்ளே நிகழ்வது ஏறக்குறைய ஒன்றே. இங்கிலாந்தில் எனிட் பிளைற்றனோ 1942இல் தொடங்கிய 'ஐவர் குழு' வரிசையை எந்த முத்திரையுமின்றி இருபாலாருக்கும் விற்றார். முடியை ஒட்ட வெட்டி, ஜோர்ஜ் என்று அழைத்தாலன்றித் திரும்பிப் பாராத சிறுமி அதிலே வருகின்றாள். 21 நூல்கள் கொண்ட அவ்வரிசையை ஆண் பிள்ளைகள் புறக்கணித்ததாக வரலாறில்லை.

எமது வீடுகளுக்குள் நேரடியாக வந்து சேர்ந்தவை லேடிபேர்ட் நிறுவனத்தின் சிறு நூல்கள். வில்லியம் மறே வகுத்த வாசிப்புப் பயிற்சி வரிசை 1964இல் வெளிவரத் தொடங்கியது; 36 நூல்கள், பீற்றர் என்னும் சிறுவனும் ஜேன் என்னும் சிறுமியும் அவற்றின் மாந்தர். என் தாயார் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிய நூல் அவ்வரிசையைச் சேர்ந்தது. அட்டை கழன்ற நிலையில் இன்னும் வீட்டில் இருக்கின்றது. ஜேன் தாய்க்குச் சமையலறையில் உதவுவதும், பீற்றர் தந்தையோடு வெளிவேலையில் ஈடுபடுவதும் அப்படங்களிற் காணக்கிடைக்கும் காட்சிகள். இவ்வரிசை ஆண் பிள்ளைக்கென்றும் பெண் பிள்ளைக்கென்றும் பிரித்து விற்கப்பட்டதன்று. ஒரே நூலை இருவருக்கும் விற்று, அதனுள்ளே பந்தையும் ஊசிமெத்தையையும் வைத்துவிட்டனர்! எழுபதுகளிற் கண்டனங்கள் எழுந்தபின் படங்கள் மாற்றி வரையப்பட்டன. சட்டை அணிந்திருந்த ஜேன் காற்சட்டைக்கு மாறினாள்.

அக்கண்டனங்களுக்கு அறிவியல் அடிப்படை அளித்த ஆய்வுகளுள் முக்கியமானது, லெனோர் வைற்ஸ்மனும் அவர்தம் குழுவினரும் 1972இல் அமெரிக்கச் சமூகவியல் இதழொன்றில் வெளியிட்டதாகும். அமெரிக்காவின் கல்டிகொற் பரிசும் பாராட்டும் பெற்ற அண்மைக்காலப் படநூல்களை அவர்கள் எண்ணிப் பார்த்தனர். ஆண்களின் படங்கள் 261. பெண்களின் படங்கள் 23. பரிசு பெற்றவை நூலகங்கள் அனைத்தும் மொத்தமாக வாங்குபவையாதலின் இவ்வெண்கள் சந்தையின் எண்களுமாகும்.

இதற்குப் பதிப்பாளர் வழமையாகக் கூறும் சமாதானம் ஒன்றுண்டு. பெண் பிள்ளை ஆணைப் பற்றியும் வாசிப்பாள். ஆண் பிள்ளை பெண்ணைப் பற்றி வாசிக்கமாட்டான். ஆகவே ஆணைப் பற்றிய நூலே இருமடங்கு விற்கும் என்பது அது. சாமன் கண்ட உண்மையின் முதற்பாதியை எடுத்துக்கொண்டு கட்டப்பட்ட வணிக விதி இது. சகோதரனின் இதழை எடுத்த சிறுமியை எவரும் பெரிதாகக் கண்டிக்கவில்லை. சகோதரியின் இதழை எடுத்த சிறுவனோ நகைப்புக்கு ஆளானான். சிரிப்புக்கு அஞ்சி அவன் எடுக்காது விட்டதை, அவனுக்கு விருப்பமில்லை எனப் பதிப்பாளர் கணக்கெழுதிக்கொண்டனர். இப்பாகுபாட்டில் இழப்பு பெண் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது என எண்ணுவோர் இவ்விடத்தைச் சற்று மீள நோக்கவேண்டும். வேலியின் ஒரு பக்கத்தில்தான் படலை இருந்தது.

இவ்விதி நூலின் மாந்தரோடு நிற்காது ஆசிரியரின் பெயருக்கும் நீண்டது. 1967இல் 'தி அவுட்சைடர்ஸ்' என்னும் நாவலை எழுதிய சூசன் ஹின்ரன், பதிப்பாளரின் யோசனைப்படி முதலெழுத்துகளுக்குள் மறைந்துகொண்டார். முப்பது ஆண்டுகளின் பின், 1997இல், ஜோன் ரோலிங்கிடமும் அவரது பதிப்பாளர் அவ்வாறே கேட்டனர். பெண் எழுதியது என்று தெரிந்தால் ஆண் பிள்ளைகள் ஹரி பொட்டரைத் தொடமாட்டார்கள் என்ற அச்சமே காரணம். நடுப்பெயர் எதுவும் இல்லாத அவர், தம் பாட்டியின் பெயரிலிருந்து ஓரெழுத்தை இரவல் பெற்று ஜே. கே. ரோலிங் ஆனார். அவர் பெண் என்பது உலகறிந்த செய்தியான பின்னரும் ஆண் பிள்ளைகள் அடுத்தடுத்த பாகங்களுக்காகக் கடைவாயில்களிற் காத்து நின்றமை, அவ்வச்சம் எவ்வளவு ஆதாரமற்றது என்பதற்குப் போதிய சான்றாகும்.

இவ்வளவுக்கும் பின்னர், இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்திரை தளரவில்லை, மாறாக இறுகியது. பிரித்தானியாவில் நூல்களுக்கு ஒரே விலையை நிலைநிறுத்தியிருந்த பதிப்பாளர் உடன்படிக்கை 1995இற் குலைந்து 1997இற் சட்டவிரோதமாக்கப்பட்டது. பல்பொருள் அங்காடிகள் நூல்களை விலைகுறைத்து விற்கத் தொடங்கின. அறிந்து ஆலோசனை கூறும் நூல் வணிகர் அங்கே இல்லை. பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் இடையே செல்பவரின் கண்ணிற் படவேண்டியது அட்டை மாத்திரமே. 2000ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனம் தன் இளவரசியரை ஒரே வணிகச் சின்னத்தின்கீழ்த் திரட்டியது. ரோசா நிறப் பண்டங்களின் வரிசையில் நூலும் ஒன்றாயிற்று. 2006இல் வெளிவந்து பெரும் விற்பனை கண்ட 'ஆண் பிள்ளைகளுக்கான ஆபத்தான நூல்', செந்நிற அட்டையும் பொன்னெழுத்தும் தாங்கி, பழைய விக்ரோறியா காலத்துப் பரிசுநூலின் தோற்றத்தை வேண்டுமென்றே மீட்டெடுத்தது. முடிச்சுப் போடுதல், மரவீடு கட்டுதல் முதலியன அதன் பொருள். இவற்றிற் பெண் பிள்ளைக்கு இயலாதது எது என்று எவரும் கேட்குமுன், 2007இல் அமெரிக்காவிலே 'பெண் பிள்ளைகளுக்கான துணிச்சலான நூல்' வெளிவந்துவிட்டது. எதிர்ப்பும் சந்தையிலே இன்னொரு பண்டமாக மாறிவிடுகின்ற விந்தையை இங்கே காணலாம்.

இதனை எதிர்த்து இங்கிலாந்தில் எழுந்த இயக்கம் பெற்றோரிடமிருந்து தோன்றியதாகும். விளையாட்டுப் பொருட் கடைகளிற் பாற்பெயர்ப் பலகைகளை அகற்றக் கோரி 2012இல் திரண்டவர்கள், 2014 மார்ச்சில், உலகப் புத்தக தினத்தையொட்டி நூல்களின் பக்கம் திரும்பினர். அவர்களின் கோரிக்கை மிக எளியது. எந்த நூலையும் தடைசெய்யுமாறோ, கதையை மாற்றுமாறோ அவர்கள் கேட்கவில்லை; ரோசா நிறத்தையும் விலக்கவில்லை. 'ஆண் பிள்ளைகளுக்கு', 'பெண் பிள்ளைகளுக்கு' என்னும் சொற்களை அட்டையிலிருந்து நீக்கிவிடுங்கள் என்பதே அது. வரலாற்று மாணவர் நோக்கில் இது கூர்மையான கோரிக்கை. பாகுபாடு புகுந்த வாயில் எதுவோ அவ்வாயிலையே அவர்கள் சுட்டிக்காட்டினர்.

அஸ்போர்ன், பரகன் ஆகிய பதிப்பகங்கள் இனி அவ்வாறு தலைப்பிடுவதில்லை என அறிவித்தன. அதே மாதத்தில் 'இன்டிபென்டன்ற் ஒன் சண்டே' பத்திரிகையின் இலக்கியப் பகுதி ஆசிரியர், ஒரு பாலாருக்கு மட்டும் எனப் பெயரிட்டு வரும் நூல்களுக்கு இனி மதிப்புரை வெளியிடுவதில்லை என்று எழுதினார். 2014 நவம்பரில் லேடிபேர்ட்டும் இணங்கியது. நூற்றுக்கணக்கான தன் வெளியீடுகளுள் அத்தகைய தலைப்புகள் ஆறு மட்டுமே என்பது அதன் விளக்கம். பீற்றரும் ஜேனும் பிறந்து அப்போது 50 ஆண்டுகள் ஆகியிருந்தன. மைக்கல் ஓ'மாரா என்னும் பதிப்பாளரோ அப்போது இணங்க மறுத்தார். தலைப்பில் அச்சொற்கள் இருந்தால் நூல் கூடுதலாக விற்கிறது என்பதே அவர் வாதம். அவ்வாதத்தில் ஒளிவுமறைவு இல்லை என்பதற்காகவேனும் அதை மதிக்கலாம். பிள்ளைகளின் இயல்பு பற்றி அவர் பேசவில்லை. விற்பனை பற்றியே பேசினார். நியூபெரியும் இரண்டு பென்ஸ் கூடுதலாகக் கேட்டபோது அதையே கருதியிருப்பார்.

அட்டையிலிருந்து சொற்கள் அகன்ற நூல்கள் பலவற்றில் நிறம் அகலவில்லை. எழுதப்படாத முத்திரையை வாசிப்பதற்கு வாங்குவோர் ஏற்கெனவே பழகிவிட்டனர்.

அன்று அப்புத்தகசாலையில் நான் "ஏழு வயதுப் பிள்ளை, கப்பல்களைப் பற்றி வாசிக்க விருப்பம்" என்று விடையிறுத்தேன். பெரியவர் இருபுறத் தட்டுகளையும் மாறிமாறிப் பார்த்தார். பின்னர், நான் கேள்வியைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை எனக் கருதியவர்போல, அதையே இன்னும் ஒருமுறை, சற்று மெதுவாகக் கேட்டார்.